பச்சை பஸ் முந்துவது எப்படி

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் அடுப்புக்கரியில் ஓடின. அலங்காநல்லூரிலிருந்து மதுரைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மடியில் மல்லிகைப்பூக் கூடை. மற்றவர் ஜவுளிக்கடை பாய்.

"போட்டிக் கம்பெனி பச்சை பஸ் டிரைவரை நம்ம பஸ் முதலாளி இழுத்துட்டு வந்துட்டாருல்ல பாய். பெறகும் அதுதான் முந்திப் போகுது. நம்ம போறதுக்குள்ள பூ மார்க்கெட்டே கலைஞ்சிருது."

"அப்ப வண்டிதான் ஒசத்தி."

"ரெண்டும் ஒரே மாதிரி வண்டிதான பாய்."

"பெறகு எதுதாம்ப்பா ஜெயிக்குது?"

"ஏறுற சனந்தான். ஒருநா அதுல போய்ப் பாத்தேன். பாலத்து மேட்டுல வண்டி திணறுனா, யாரும் சொல்லாமலே எறங்கித் தள்ளுறாக."

"நெசந்தான். அடுத்தவன் எறங்கட்டும்னு உக்காந்திருந்தா எப்பிடி?"

பாலத்து மேட்டில் எங்கள் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் திரும்பி எல்லோரையும் பார்த்தார்.

"மடியில பூவு இருக்கு பாய்," என்றார் பூக்காரர்.

பாய் தன் வெள்ளை வேட்டியைத் தடவிக்கொண்டார்.

சற்று நேரத்தில் பச்சை பஸ் எங்களைத் தாண்டிப் போனது. அதன் இன்ஜினும் நின்றுதான் போயிருந்தது. பின்னால் ஒரு கூட்டமே தள்ளிக்கொண்டு போனது.