கிளியர் அடித்த ஞாயிற்றுக்கிழமை

வீட்டிலேயே காருக்குப் பெயின்ட் அடிப்பதென்றால் ஜனவரி மாதம்தான் தோது, சார். மழை ஈரம் போயிருக்கும், வெயில் ஏறியிருக்காது. காலை பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தால் பனியும் இருக்காது. குமணன்சாவடியில் இருபத்திரண்டு வருடம் ஸ்ப்ரே கன் பிடித்தவன் நான். தஸ்தகீர் என்ற பெயரை எழுதிக்கொண்டீர்கள், தொழிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கார் என்னுடையதல்ல, தம்பி காலித்துடையது. ஐடி கம்பெனியில் சேர்ந்து, ஆசைப்பட்டு செகண்ட்ஹேண்டில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட், மஞ்சள் நிறம். மூன்று வருடத்துக்கு முன் நசரத்பேட்டை கிட்டே, நின்றிருந்த லாரியின் பின்னால் கொண்டுபோய்ச் செருகிவிட்டான். காருக்கு முன்பக்கம் போயிற்று. அவனுக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாமல் போயிற்று.

அத்தாவும் அம்மாவும் இல்லை. என் வீட்டு முன்னறையில், ஜன்னலோரமாக அவனுக்குக் கட்டில் போட்டேன். ஜன்னலுக்கு வெளியே போர்டிகோ, அதில் தார்ப்பாய் மூடிய கார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவனைப் புரட்டிப் படுக்க வைக்கணும், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். சளி கட்டினால் அவனால் இருமித் துப்ப முடியாது. விலா எலும்புக்குக் கீழே கை வைத்து யாராவது அழுத்தணும். டாக்டர் எனக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். என் மனைவி அஷ்ரஃபுன்னிசாவுக்குக் கையில் அவ்வளவு பலமில்லை. மூன்று வருடத்தில் நான் சேர்ந்தாற்போல மூன்று மணி நேரம் தூங்கியதில்லை. குறையாகச் சொல்லவில்லை, நீங்கள் கேட்டீர்கள்.

போன மாதம் காலித் சொன்னான்: "அண்ணே, வண்டிய ஒரு தபா முழுசா பாக்கணும். நீயே கலர் அடிச்சிக் குடேன்."

"ஷெட்டுக்கு எடுத்துகினு போறேன்டா."

"இங்கியே அடி. நான் பாத்துகினே கீறேன்."

அவன் எதையும் கேட்கிற ஆள் இல்லை. சரி என்றேன். நெளிவெடுத்து, பட்டி போட்டுத் தேய்த்து, பிரைமர் அடிப்பதற்கே மூன்று வாரம் ஆயிற்று.

வீட்டில் அடிப்பதற்கு ஜாக்கிரதை வேண்டும், சார். தின்னர் ஆவியில் ஒரு பொறி பட்டால் போதும். கேஸ் சிலிண்டரை மூடினேன், ஒரு வாளி மணல் வைத்தேன். தூசி எழும்பாமல் தரையை நனைத்தேன். போர்டிகோவைச் சுற்றி பிளாஸ்டிக் ஷீட் கட்டினேன். கலருக்கு மேல் பளபளப்புக்காக அடிக்கிற கிளியர்தான் ஆபத்தானது. அதில் கலக்கும் ஹார்டனர் மூச்சோடு உள்ளே போனால் நெஞ்சு இறுகிவிடும். எங்கள் ஷெட்டில் லட்சுமணன் என்று ஒருவர், மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டே அடித்தவர், இப்போது நாலு படி ஏற முடியாமல் உட்காருகிறார். அதனால் ஃபில்டர் வைத்த மாஸ்க் ஒன்று புதிதாக வாங்கினேன். எனக்கு.

அஷ்ரஃபுன்னிசாவையும் மகள் அலீனாவையும் சனிக்கிழமையே கொரட்டூரில் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். லவ் பேர்ட்ஸ் கூண்டை எதிர்வீட்டு சம்பத்திடம் கொடுத்தேன். அதுங்களுக்கு நுரையீரல் ரொம்பச் சின்னது.

கூண்டை வாங்கிக்கொண்டே சம்பத் கேட்டார். "தம்பிய இன்னா பண்ணப் போறீங்க பாய்? நான் ஒரு கை புடிக்கிறேன். எங்க ஊட்ல படுக்க வச்சிக்கலாம்."

"வேணாம் சம்பத். அவன் வண்டிய பாக்கணுமாம்."

அது பொய்யில்லை. ஜன்னல் கண்ணாடி புள்ளிக் கண்ணாடி, மூடினால் ஒன்றும் தெரியாது. அதனால் திறந்து வைத்தேன்.

கலர் மூன்று கோட் அடித்தேன். அதில் ஹார்டனர் கிடையாது, தின்னர் வாசனை மட்டும்தான். காலித் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். "சூப்பரா கீதுண்ணே" என்றான். விபத்துக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதோடு அவன் பார்க்க வேண்டியது முடிந்தது. கிளியருக்கு நிறமில்லை, அதில் பார்க்க ஒன்றுமில்லை. அப்போது ஜன்னலை மூடியிருக்கணும். நான் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு ஹார்டனரைக் கலந்தேன்.

பானெட் முடிந்து மட்கார்டுக்கு வந்தபோது கூப்பிட்டான். "அண்ணே, ஜன்னல மூடு. நெஞ்ச அடைக்குது."

கம்ப்ரஸர் சத்தத்தில் காதில் விழவில்லை என்று காலையில் உங்கள் ஏட்டையாவிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். டேங்கில் காற்று நிறைந்தால் கம்ப்ரஸர் தானாக நின்றுவிடும். அப்போது நின்றிருந்தது. ஜன்னல் கதவு கை நீட்டினால் எட்டும் தூரம். என் கை போகவில்லை, சார். என்னால் முடியவில்லை என்றுதான் சொல்லணும். கிளியரை நடுவில் நிறுத்தினால் கோடு விழும். ஸ்ப்ரே கன்னோடு கார்க் கதவுப் பக்கம் நகர்ந்தேன்.

"மூடுண்ணே."

இரண்டாவது குரல் சின்னதாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அவனால் அசைக்க முடிந்தது தலையை மட்டும்தான், கண் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அவன்மேல் கோபமே கிடையாது. என் மகளைப் போலத்தான் பார்த்துக்கொண்டேன். அந்த நிமிஷத்தில் தூக்கம் ஒன்றுதான் மனசில் இருந்தது.

கிளியர் இரண்டு கோட்டும் அடித்து முடித்தேன். கன்னைத் தின்னரில் கழுவி வைத்தேன். முன்னறைக்குப் போகாமல், ஹாலில் பாய் விரித்துப் படுத்தேன். சம்பத் வந்து கதவைத் தட்டியபோது சாயங்காலம் ஆறு மணி. அவர்தான் உள்ளே போய்ப் பார்த்தார்.

நீ கொன்றாயா என்று கேட்டீர்கள். ஆமாம், நான்தான். ஆனால் ஒன்று சொல்லணும். இரண்டு தடவைதான் கேட்டான். மூன்றாவது தடவை அவன் கேட்கவில்லை. மூச்சு சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், சார்.