வெண்மணலைக் கடக்கும் பன்றிகள்

மேடையில் வீற்றிருக்கும் வட்டார அதிகாரி அவர்களே, ஊரே ஒரு கூரையடியில் வாழும் நம் நீள்வீட்டின் தலைவர் நுங்காங் அவர்களே, ஆள் உயர மாலையோடு வந்திருக்கும் மணல் நிறுவனத்தாரே, கீழே பாயில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் என் சொந்தங்களே! அனைவருக்கும் வணக்கம். சபை நாகரிகம் கருதி எல்லோருக்கும் ஒரே வணக்கமாகச் சொல்கிறேன்.

நாற்பது நிமிடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 'காட்டின் தாய்' என்றார் ஒருவர். 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்றார் இன்னொருவர். போன மாதம் இதே அம்மையாரைப் 'பன்றிச் சாணி பொறுக்கும் கிழவி' என்று என் காதுபடச் சொன்ன வாய் அல்லவா அது? இந்த ஒரு மாதத்தில் கிழவி எப்படி ஐயா தாயானார்? செத்ததாலா? எனக்குக் குமட்டுகிறது. உள்ளதைச் சொல்கிறேன், குமட்டுகிறது!

செலாக்கா அம்மையார், லாத்திங்கைப் பெற்ற தாய் என்பதால் நமக்கெல்லாம் இண்டாய் லாத்திங், இந்தப் போர்னியோக் காட்டில் முப்பது வருடம் விலங்குகளைக் கணக்கெடுத்தவர். அதில் இருபத்திரண்டு வருடம், ரேனாங்கின் அப்பன் என்பதால் அப்பாய் ரேனாங் ஆன நான், வனத்துறை ஊழியனாக அவரோடு நடந்தேன். அவருக்கு ஒரே சட்டம்தான். கண்ணால் பார்த்திருக்க வேண்டும், இல்லையேல் காதால் கேட்டிருக்க வேண்டும், இல்லையேல் காலடித் தடமாவது இருக்க வேண்டும். மூன்றில் ஒன்றும் இல்லையென்றால் எழுத மாட்டார்.

ஒருமுறை சதுப்புக்காட்டில் தட்டைத்தலைப் பூனைக்காக ஏழு நாள் கிடந்தோம். இடுப்பளவு கறுப்புத் தண்ணீர், கழுத்துவரை அட்டை. நான் பொறுக்க மாட்டாமல் சொன்னேன்: "இண்டாய், சதுப்புல அந்தப் பூனை இருக்கும்னு ஊருக்கே தெரியும். எழுதிட்டுக் கெளம்புவோமே!"

அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவர் கேட்டார்: "ஒங்க மாமியா ஒங்கள தங்கமான மருமவன்னு சொல்றாங்களாம், அப்பாய் ரேனாங். அதக்கூட நான் காதால கேட்டதில்ல. எழுதிடவா?"

எட்டாம் நாள் காலையில் பூனை வந்தது. தண்ணீருக்குள் முகத்தைவிட்டு மீனைக் கவ்வியது. அப்போதுதான் பென்சிலை எடுத்தார்.

அப்படிப்பட்டவர் வாழ்ந்த ஊருக்கு ஓர் அறிக்கை வந்தது. தோண்ட அனுமதி கேட்டு மணல் நிறுவனம் ஆள் வைத்து எழுதிய அறிக்கை. அதன்படி நம் மலைக்காட்டில் முதலை இருக்கிறது! சேற்றில் துள்ளும் மீன் இருக்கிறது! எங்கோ கடலோரத்து அலையாத்திக் காட்டுக்கு எழுதியதை அப்படியே தூக்கி நம் மலைமேல் வைத்துவிட்டார்கள். சேற்று மீன் மலையேறி என்ன செய்யும், இருவாச்சியோடு பழம் தின்னுமா? நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அடுத்த பக்கம் புரட்டியதும் சிரிப்பு நின்றது. கெராங்காஸ் காடு. விலங்குகள்: இல்லை.

ஏன் இல்லை? அந்தக் குட்டை மரங்களுக்கும் குடுவைச் செடிகளுக்கும் அடியில் வெள்ளை வெளேரென்று மணல் இருக்கிறது. கண்ணாடி செய்ய அந்த மணல் வேண்டும். மேலே விலங்கு இருந்தால் தோண்ட விட மாட்டார்கள். இல்லையென்றால் தோண்டலாம்.

அவர்களை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? நெல் விளையாத மண் என்று அந்தக் காட்டுக்குக் கெராங்காஸ் என்று பெயர் வைத்ததே நாம்தானே! தலைவர் நுங்காங் அவர்களே, கோபிக்காதீர்கள். "சோறு போடாத மண்ணு, போனா போவுது" என்று சம்மதம் சொன்னது நீங்கள்தானே? அன்று இண்டாய் உங்களைக் கேட்டது நினைவிருக்கிறதா?

"ஏன் தலைவரே, சதுப்புல கெடக்கற தாடிப்பன்னி மலைக்குப் பறந்தா போவுது?"

மலையில் எங்காபாங் மரத்துக் கொட்டை உதிர்ந்தால் பன்றிகளுக்கு எப்படித்தான் தெரியுமோ, சதுப்பைவிட்டுக் கூட்டம் கூட்டமாகக் கிளம்பும். ஆற்றை நீந்தும். கெராங்காஸ் மணலைக் கடந்துதான் மலையேறும். பதினோரு வருடம் அவை கடப்பதை, தேதி போட்டு, தடம் அளந்து, ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். அந்த வழியைத் தோண்டிவிட்டால் பன்றி மலைக்கு வராது, நம் அடுப்புக்கும் வராது. குடியிருந்தால்தான் அது விலங்கின் காடா? நீங்கள் யாரும் உங்கள் வீட்டு வாசற்படியில் குடியிருக்கவில்லையே, இடித்துவிடலாமா?

நிறுவனத்தார் எழுந்துவிட்டார்கள். போங்கள் ஐயா. மாலையையும் தூக்கிக்கொண்டு போங்கள். ஆனால் வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள், இனிமேல் சொல்லப்போவது உங்களைப் பற்றி அல்ல.

'விலங்குகள்: இல்லை' என்ற வரியின் கீழே, சரிபார்த்தவர் என்று ஒரு கையெழுத்து இருக்கிறது. அது என்னுடையது.

ஆமாம், என்னுடையது! இண்டாயின் பக்கத்தை அறிக்கையோடு சேர்க்கச் சொல்லி அவர் என் கையில்தான் கொடுத்தார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது, எதற்கு வம்பு என்று மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் சொல்லிக்கொள்ளவாவது ஒரு காரணம் இருந்திருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் அவருக்கு மூச்சு வாங்கியது. என்னைக் கண்டதும் ஆக்சிஜன் முகமூடியை விலக்கினார்.

"அப்பாய் ரேனாங், அந்தப் பக்கத்த சேத்தாச்சா?"

"சேத்தாச்சு, இண்டாய்."

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். முப்பது வருடத்தில் தானே உறுதி செய்யாத எதையும் ஏற்காதவர், என் வார்த்தையை மட்டும் காணாமலே ஏற்றுக்கொண்டார். மறுநாள் போய்விட்டார். இந்த மண்டபத்தில் யாரைப் பார்த்தால் எனக்கு அதிகம் அருவருப்பாக இருக்கிறது என்று இப்போது புரிகிறதா?

அந்தப் பக்கம் இதோ, என் சட்டைப்பையில். புதன்கிழமை மணல் அனுமதி பற்றிய பொது விசாரணை. முதல் ஆளாக எழுந்து, என் கையெழுத்து பொய் என்று சொல்லி, இதை வரி விடாமல் வாசிப்பேன். வேலை போகும், போகட்டும். தலைவர் அவர்களே, நீங்களும் வாருங்கள். வராவிட்டாலும் நான் போவேன்.

அவருக்காக யாரும் எழுந்து மௌனமாக நிற்க வேண்டாம், அந்த மௌனத்தை நான் ஏற்கெனவே வேண்டிய மட்டும் காத்துவிட்டேன். சாகக் கிடந்தவரிடம் ஒரு பொய் சொன்னேன். அதை உண்மையாக்க எனக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.