முதல் பறிப்பு குழந்தைக்கு

மேடையில் வீற்றிருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, எங்கள் கண்காணிப்பாளர் அவர்களே, கீரையம்மாவின் கணவரான தையல்கார மாப்பிள்ளையே, நாற்காலி கிடைக்காமல் சன்னல் வரைக்கும் நின்றுகொண்டிருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

இந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? ஐயோ, கீரையம்மா போய்விட்டாரே என்றல்ல. நான் செத்தால் இதில் பாதியாவது வருமா என்றுதான் தோன்றியது! சிரிக்காதீர்கள். இருபத்திரண்டு வருடங்களாகக் கீரையம்மாவைப் பார்த்து வயிறெரிந்தவன் நான். அவர் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு பொய் சொல்ல வாய் வரவில்லை.

இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். வீட்டுக்கு வீடு தோட்டம் போட வைக்க வேண்டும், அதனால் பிள்ளைகள் உடம்பு தேற வேண்டும், அதுதான் எங்கள் வேலை. எனக்கு மேட்டுப் பகுதி, அவருக்கு ஆற்றோரப் பகுதி. அவர் என்ன செய்தார்? பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில் கீரை விதைத்தார். ஓட்டை வாளியில் தக்காளி நட்டார். வேலியில் அவரைக்கொடி ஏற்றினார். அவ்வளவுதான்! நானோ முட்டைக்கோசும் காலிஃபிளவரும் போட்டு அசத்தினேன். காய்கறிக் கண்காட்சியில் முதல் பரிசு யாருக்கு? எனக்கு! எல்லோரையும் விடப் பலமாகக் கைதட்டியது யார்? அவர்! அந்தக் கைதட்டலைக்கூட என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த மாதம் மருத்துவர் பச்சையும் சிவப்பும் குறித்த அளவு நாடாவோடு வந்தார். பிள்ளையின் மேல்கையைச் சுற்றி அளப்பார். பச்சையில் நின்றால் நல்லது, சிவப்பில் நின்றால் பிள்ளை வாடிவிட்டது என்று பொருள். ஆற்றோரத்தில் சிவப்பு இரண்டு. என் பகுதியில் பதினொன்று!

எப்படி? என் கோசெல்லாம் சந்தைக்குப் போய்விட்டது. பிள்ளைகளுக்குக் கிடைத்தது பிஸ்கட். காயை எடை போட்டுப் பூரித்துப்போன நான், ஒரு பிள்ளையின் தட்டையும் எட்டிப் பார்க்கவில்லை. கீரையம்மாவோ, முதல் பறிப்பு குழந்தைக்கு, மிச்சம்தான் கடைக்கு என்று சட்டம் போட்டவர். சொல்லிவிட்டுப் போகிறவரா அவர்? அடுப்படியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். "புள்ள சாப்பிடட்டும், அப்புறம் எந்திரிக்கிறேன். எனக்கென்ன அவசரம்?" என்பார். எத்தனை மாமியார்கள் பல்லைக் கடித்திருப்பார்கள்!

அளந்த மறுநாளே ஒரு கூடை நாற்றோடு என் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, உங்க பக்கம் நாலு வீட்டுல நான் வந்து உக்காரட்டுமா?"

"என் பகுதிய எனக்குப் பாத்துக்கத் தெரியும். நீ உன் வேலையப் பாரு!"

அப்படித்தான் சொன்னேன். பத்து நாள் கழித்து, என் பகுதிக் கொத்தனாரின் மகளை மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரண்டு வயது. எழுந்து நிற்கத் தெம்பில்லை. பிழைத்துவிட்டாள். பிழைக்காமல் போயிருந்தால்? அதற்கு யார் காரணம்? அன்று மாலை வெட்கத்தை விட்டுக் கீரையம்மாவின் வாசலில் போய் நின்றேன்.

"நாத்து மிச்சம் இருக்கா, தங்கச்சி?"

"அதே கூடைதாண்ணே. தண்ணி தெளிச்சு வச்சிருக்கேன், எடுத்துக்குங்க."

ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. சொல்லிக்காட்டியிருந்தாலாவது சண்டை போட்டு மனதை ஆற்றியிருப்பேன்! அதற்கும் வழி விடவில்லையே!

நேற்று மாப்பிள்ளை அந்தக் கூடையைக் கொண்டுவந்தார். உள்ளே, மாப்பிள்ளை தைத்த துணியின் வெட்டுத் துண்டுகளில் சின்னச் சின்னப் பைகள். ஒவ்வொன்றிலும் விதை.

"உங்ககிட்டதான் குடுக்கணும்னு ஆஸ்பத்திரியில சொன்னா."

"ஏன் மாப்பிள்ளை, ஆபீஸ்ல வேற ஆளே இல்லையா?"

"நானும் கேட்டேன். 'மத்தவங்க என்னை மாதிரி செய்யப் பாப்பாங்க. அண்ணனுக்குத்தான் என்மேல பொறாமை. அவர்தான் என்னைவிட நல்லா செய்யப் பாப்பாரு'ன்னா."

தெரிந்திருக்கிறது! இருபத்திரண்டு வருடமும் தெரிந்தே என்னை அண்ணே என்று கூப்பிட்டிருக்கிறார்!

ஆற்றோரத் தாய்மார்களே, கண்காணிப்பாளரிடம் கேட்டு உங்கள் பகுதியையும் வாங்கிவிட்டேன். நாளைக் காலை வருகிறேன். எனக்கு முழங்கால் வலி, சம்மணம் போட வராது. அடுப்படியில் ஒரு முக்காலி போட்டுவையுங்கள். முதல் பறிப்பு பிள்ளையின் வயிற்றுக்குள் போகிற வரை எழுந்திருக்க மாட்டேன். கீரையம்மா இருந்தால் இப்படியா என்று கேட்பீர்கள். கேளுங்கள்! தினமும் கேளுங்கள்! எனக்கு எரியட்டும்.

போன மாதம் அளந்தபோது ஆற்றோரத்தில் ஒரே ஒரு பிள்ளை சிவப்பில் இருந்தது. அந்தப் பிள்ளையை நான் பச்சைக்குக் கொண்டுவருவேன். அதில் மட்டுமாவது உன்னை நான் ஜெயிக்க வேண்டாமா, தங்கச்சி?