பையர் அனுப்பிய மெயில்

பல்லடம் பஸ்ஸில் என் முன்சீட்டில் பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பெண் ஒருத்தி. பக்கத்தில், அந்தக் கம்பெனிக்கு வெப்சைட் செய்துகொடுத்தவன்.

“ஏனுங்க, நெட்ல நீங்க போடற கோடிங் நோட்ஸை நீங்க படிக்கறதில்லீங்களா?”

“என்னாச்சுங்க?”

“பனியன் வாங்கற பையர் எங்க வெப்சைட்ல சாம்பிள் கேட்டது எங்களுக்கு வரவே இல்லீங்க. ஆர்டர் வேற கம்பெனிக்குப் போயிருச்சு. பார்த்தா, சாம்பிள் கேக்கற ஃபார்ம்ல எங்க மெயில் ஐடிக்குப் பதிலா உங்க மெயில் ஐடி இருக்குதுங்க.”

“டெஸ்டிங்குக்குப் போட்டதுங்க. மாத்த மறந்துட்டேன்.”

“‘டெஸ்டிங் மெயில் ஐடியை மாத்தாம விடறவன் டெவலப்பரே இல்லை’ன்னு எழுதியிருக்கீங்களேங்க!”

“அது பேசிக்ஸுங்க. புதுசா படிக்கறவங்களுக்கு எழுதுனது.”

அவளுடைய ஒவ்வொரு ‘ங்க’வும் அறை மாதிரி விழுந்துகொண்டிருந்தது. கடைசி அறை, இறங்க எழுந்தபோது:

“அப்ப இன்னைக்கே ஊட்டுக்குப் போயிப் படிக்க ஆரம்பிச்சிருங்க.”