சடையனும் வழுக்கையனும்

நிற்பதுதான் எனக்குச் சிரமம், தம்பி. நாற்காலி போட்டுக் கொடுத்தீர்கள், புண்ணியமாகப் போகட்டும். உட்கார்ந்துவிட்டால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன். முட்டி தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பாறையில் இறங்கும் வேலை என் வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. அதற்கு முன்பெல்லாம் நான் இறங்குவேன், அவர் மேலே குடை பிடித்துக்கொண்டு பாட்டுக் கேட்பார்.

செடிகளைச் சேகரித்து ஆராய்வதுதான் எங்கள் இருவருக்கும் பிழைப்பு. அந்தக் கடலோரச் சரிவில் ஊதாப் பூ பூக்கும் செடிகள் இரண்டு உண்டு. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி அச்சு அசலாக இருக்கும். ஒன்றின் இலைக்கு அடியில் மெல்லிய வெள்ளை முடி, மற்றதில் ஒன்றும் கிடையாது. வாயில் நுழையாத பெயர்கள் இருக்கின்றன. வீட்டில் நாங்கள் சடையன், வழுக்கையன் என்போம். வழுக்கையன் என்று சொல்லும்போதெல்லாம் அவர் தன் தலையைத் தடவிக்கொள்வார். நல்ல மனிதர்தான், அதை நான் மறுக்கவில்லை.

சடையன் பாறை இடுக்கில் ஆழமாக வேர் விடும். அது நிற்கும் இடத்தில் தைரியமாகக் கால் வைக்கலாம். வழுக்கையனுக்கு உதிரி மண்ணே போதும். அதை மிதித்தால் மண்ணும் செடியும் ஆளும் சேர்ந்து கீழே போக வேண்டியதுதான். வயிற்றைப் பாறையோடு ஒட்டிக்கொண்டு இறங்குகிறவருக்குத் தன் காலடி தெரியாது. நான் இறங்கிய காலத்தில் வெறுங்காலால் இலையைத் தடவியே கண்டுபிடித்துவிடுவேன். அவர் இறங்கினால் சரிவு வளைகிற இடத்தில் இன்னொருவர் பைனாகுலரோடு நின்று சொல்ல வேண்டும். காற்றில் இலை புரளும்போது வெள்ளை தெரிந்தால் சடையன், பச்சையாகவே இருந்தால் வழுக்கையன்.

எனக்கு ஒரு பார்வை போதும். அவருக்கு இலையையும் லென்ஸையும் கையில் கொடுத்தாலும் பிடிபடாது. கல்யாணமான நாளிலிருந்து, "இது எதும்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் இலையை வைத்துக் கேட்பார். காய்ச்சலில் படுத்திருந்தால் போர்வையை விலக்கிக் கேட்பார். நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அலுத்துப்போயிற்று, தம்பி. கோபம் என்று எழுதிவிடாதீர்கள். வெறும் அலுப்பு.

இரண்டும் வேறு வேறு செடி என்று முதலில் கண்டுபிடித்தவள் நான். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த முடி ஒன்றுதான் இருந்தது. போன மழைக்காலத்தில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். இரண்டும் ஒரே செடிதான், வித்தியாசம் என்றது பிழை என்று. அச்சாகி வந்த பிறகுதான் நான் பார்த்தேன். அவர் சொல்லுக்கு மதிப்பு அதிகம். காய்ந்த செடிகளை வைக்கும் காப்பகத்தில், நான் தனித்தனியாக ஒட்டி வைத்திருந்த தாள்களை எல்லாம் ஒரே கட்டாகக் கலந்து அடுக்கிவிட்டார்கள்.

"ஏங்க இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"இத்தனை வருஷமா பாக்குறேன், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையே. இருந்தா என் கண்ணுக்குத் தெரியாமலா போயிடும்? நீதான் மனசுல ஒண்ண வெச்சிக்கிட்டுப் பாக்குற," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பாடு ஆச்சா?" என்றார்.

போட்டேன். சாப்பிட்டார்.

நீங்கள் கேட்கிற அந்த நாள் காலையில் விதை எடுக்கப் போனோம். அவர் பாதிச் சரிவு இறங்கி நின்று, "காலுக்குக் கீழ ஒரு செடி தட்டுது. எதும்மா இது?" என்று கத்தினார். ஊருக்கெல்லாம் ஒன்று என்று எழுதியவருக்குக் கால் வைக்கும்போது மட்டும் இரண்டாக வேண்டியிருந்தது.

காற்று நன்றாக அடித்தது. இலை புரண்டது. பச்சை.

"எதுவா இருந்தா என்னங்க? ரெண்டும் ஒண்ணுதானே," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "விளையாடாதம்மா. சொல்லு, கை வலிக்குது."

"சடையன்தான். நல்லா அழுத்தி வைங்க," என்றேன்.

வைத்தார். என் பேச்சை அவர் சந்தேகப்பட்டதே இல்லை.

சுற்றுப்பாதையில் அவர் விழுந்த இடத்துக்கு நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் நினைக்கிறார்கள். அது சரியில்லை. மூச்சு இருந்தது. கண்ணும் திறந்திருந்தது. செடி வேரோடு பக்கத்தில் கிடந்தது. அதைத்தான் முதலில் எடுத்தேன். இலையைத் திருப்பிப் பார்த்தேன், ஒரு முடிகூட இல்லை. அவர் முகத்துக்கு நேரே பிடித்து, "இங்க பாருங்க, இது வழுக்கையன்," என்றேன். உதடு அசைந்தது. புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். போன் என் பையில்தான் இருந்தது. ஆனால் அவசரப்படுத்தினால் அவருக்கு எதுவும் மண்டையில் ஏறாது. மூச்சு அடங்கும்வரை இலையைக் கை நடுங்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். சொல்லிக் கொடுக்கிற விஷயத்தில் மட்டும் அவரிடம் நான் ஒரு நாளும் பொறுமை இழந்ததில்லை, தம்பி.