மூன்றுக்கு ஒன்று என்று உண்மையை எழுதிய கைக்கு

கல்லுக்குப் பேர்போன மண்ணில் கல்விக்கும் பேர் வாங்கித் தந்தவரே! கலவையில் ஒரு கை நீர் கூடினாலும் கண்டுபிடிப்பவரே, கணக்கில் ஒரு துளி பொய் கூடினாலும் கண்டுபிடிப்பவரே! காகிணா ஆற்றங்கரையில் நிற்கும் எங்கள் கல்லூரியின் கட்டடப் பொறியியல் துறைக்குத் தலைவராக வீற்றிருந்து, வீற்றிருந்த நேரத்தைவிட நின்றிருந்த நேரமே அதிகம் என்று அந்த நாற்காலியே சாட்சி சொல்லும்படி உழைத்த பேராசிரியர் கஸ்தூரிபாய் நெலோகி அவர்களே! இன்று பணி நிறைவு பெற்று விடைபெறும் உங்களுக்கு, உங்களிடம் திட்டு வாங்காதவர் ஒருவர்கூட இல்லாத இத்துறையின் ஆசிரியர்களும் ஆய்வகப் பணியாளர்களும் அன்போடு படித்தளிக்கும் மடல் இது.

மடல் என்றால் மலர் தூவ வேண்டும் என்பது முறை. இனிமையே உருவானவரே என்று தொடங்கியிருந்தால் இந்த அரங்கம் முழுவதும் சிரித்திருக்கும். முன்வரிசையில் இருக்கும் உங்கள் கணவர் எல்லோருக்கும் முந்திச் சிரித்திருப்பார். கோபம் வந்தால் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பீர்கள். அதைக் கண்டதும் ஆய்வகத்தில் இருப்பவர்கள் ஆளுக்கொரு கருவியைத் துடைக்கத் தொடங்குவோம். ஆனால் திட்டிய வாயே மதியம் சோள ரொட்டியையும் வேர்க்கடலைப் பொடியையும் பிரித்துவைத்து எல்லோரையும் கூப்பிடும். காரம் இரண்டிலும் ஒன்றுதான்.

முப்பதாண்டுகளுக்கும் மேலாக இங்கே கான்கிரீட் கற்பித்தீர்கள். சிமென்ட் படிந்த சேலையோடு தேர்வுக் கூட்டத்துக்கு வந்தீர்கள். பெண் பிள்ளைகளுக்கு சிவில் எதற்கு என்று கேட்ட தகப்பன்மார்களை ஆய்வகத்துக்கு அழைத்துவந்து, அவர்களின் மகள்கள் வார்த்த கட்டிகளை அழுத்தும் எந்திரத்தில் வைத்து உடைத்துக்காட்டி, எவ்வளவு பாரம் தாங்கியது பாருங்கள் என்று சொல்லி அனுப்பினீர்கள். இவை எல்லாம் பாராட்டுக்குரியவையே. ஆயினும் இந்த மடல் எழுதப்படுவது இவற்றுக்காக மட்டும் அல்ல. இந்தத் துறை இன்றைக்கு உயிரோடு இருப்பதற்கும், உயிரோடு இருக்கிறோம் என்று தலைநிமிர்ந்து சொல்வதற்கும் நீங்கள் செய்த ஒரு காரியம் உண்டு. அதை இளையவர்களும் கேட்கட்டும்.

முதல்முறை தர அங்கீகாரக் குழு வந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். பட்டம் தரும் படிப்பு தகுதியானதுதானா, படித்து முடித்த பிள்ளைக்கு என்னென்ன செய்ய வருகிறது என்று சோதித்துப் பார்க்க வந்தவர்கள். நாங்கள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம், வாசலுக்கு வாழை கட்டினோம். நுழைவாயிலில் துறையின் தொலைநோக்கு வாசகத்தைப் பித்தளையில் பொறித்து மாட்டினோம். ‘கடலோர மக்களின் வாழ்வை உயர்த்தும் பொறியாளர்களை உருவாக்குவோம்’ என்பது அந்த வாசகம். எந்தக் கல்லூரியிலிருந்து யார் எடுத்துவந்தது என்று இன்றுவரை தெரியாது. அதன் கீழேயே நின்று படம் பிடித்துக்கொண்டவர்களில் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. குழுத்தலைவர் புனேயிலிருந்து வந்த முதியவர். வாசகத்தைப் பொறுமையாகப் படித்தார். அந்தப் பக்கம் போன மூன்றாமாண்டு மாணவனை அழைத்தார்.

“தம்பி, இங்கேருந்து கடல் எவ்ளோ தூரம்?”

“கடலா? காகிணா ஆறுதான் சார் இருக்கு. அதுலயும் இப்ப தண்ணி இல்ல.”

அவர் சிரிக்கவில்லை. அதுதான் எங்களுக்கு அச்சமாக இருந்தது. அந்த ஒரு வாசகத்துக்காக மட்டும் அங்கீகாரம் மறுக்கப்படவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு என்ன செய்யத் தெரியும் என்று கேட்டபோது, என்னென்ன பாடம் நடத்தினோம் என்று ஒப்பித்தோம். கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. மறுப்பு வந்தது. அடுத்த ஆண்டு வகுப்பில் பாதி பெஞ்சுகள் காலியாயின. அடுத்த முறையும் மறுக்கப்பட்டால் துறையையே மூடிவிட்டு, இடங்களைக் கம்ப்யூட்டர் துறைக்குக் கொடுப்பது என்று நிர்வாகம் தீர்மானம் போட்டது.

அங்கீகாரப் பொறுப்பை யார் எடுப்பது என்ற பேச்சு வந்ததும் ஒருவருக்கு இரத்த அழுத்தம் ஏறியது, ஒருவருக்கு மகள் திருமணம் நிச்சயமானது. திருமணம் நிச்சயமானவரின் மகள் அப்போது எட்டாம் வகுப்பு. நீங்கள் மட்டும், சரி கொடுங்கள் என்றீர்கள்.

ஒரே ஒரு சொல்லில் கைவைத்தீர்கள். ஒவ்வொரு பாடமும் முடிந்ததும் பிள்ளைக்கு என்ன வரும் என்று நாங்கள் எழுதிவைத்திருந்த கற்றல் விளைவுகள் எல்லாமே ‘மாணவர் புரிந்துகொள்வார்’ என்று முடிந்தன. விட்டங்களைப் புரிந்துகொள்வார், மண்ணைப் புரிந்துகொள்வார், நீரோட்டத்தைப் புரிந்துகொள்வார். சிவப்பு மையால் அத்தனை ‘புரிந்துகொள்வாரை’யும் அடித்தீர்கள். கட்டமைப்புப் பாடம் எடுக்கும் பீமாசங்கர் தளவார், எதையும் முகத்துக்கு நேரே கேட்பவர், தாள்களைத் தூக்கிக்கொண்டு நேராக உங்கள் அறைக்கு வந்தார்.

“அப்ப என் பசங்க எதையுமே புரிஞ்சிக்கக் கூடாதா மேடம்?”

“நல்லா புரிஞ்சிக்கட்டும். புரிஞ்சிச்சுன்னு நீங்க எதை வச்சுக் கண்டுபிடிப்பீங்க? அதை எழுதுங்க.”

“பரீட்சையிலதான்.”

“போன வருஷக் கணக்கையே இந்த வருஷமும் கொடுக்குற பரீட்சையிலயா?”

பீமாசங்கர் தாள்களை எடுத்துக்கொண்டு போனார். எங்களில் பலர் கல் வெட்டிய வீடுகளில் பிறந்தவர்கள். பாறையிலிருந்து பெயர்த்த கற்பலகையைச் சுத்தியல் முனையால் தட்டி, அதன் சத்தம் நல்லதா என்று கேட்டுப் பார்க்காமல் எங்கள் தகப்பன்மார் வண்டியில் ஏற்றியதில்லை; குத்தகைக்காரர் முதல்தரம் என்று சொன்ன வாய்ச்சொல்லை நம்பி ஒரு பலகையைக்கூடச் சுமந்ததில்லை. படித்து ஆசிரியரான பிறகு அந்தத் தட்டலை மறந்திருந்தோம். நீங்கள் சொன்னது புதிய வித்தை இல்லை. தட்டிப் பார் என்றீர்கள், அவ்வளவுதான்.

தட்டிப் பார்த்தோம். அதற்கு முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களில் அடித்தளம் எப்போதும் கெட்டியான செம்மண்ணில்தான் இருக்கும். நீங்கள் ஒரு கேள்வியில் மண்ணை மட்டும் மாற்றினீர்கள். நம் ஊர்க் கரிசல். மழையில் உப்பி வெயிலில் வெடித்து, கட்டிய சுவரை மேலிருந்து கீழ்வரை பிளந்துவிடும் மண். பிள்ளைகள் பிறந்து விழுந்து விளையாடிய மண். முதல் வகுப்பில் தேறும் பிள்ளைகளெல்லாம் செம்மண்ணுக்கு மனப்பாடம் செய்த அஸ்திவாரத்தையே கரிசலுக்கும் போட்டுவைத்தார்கள். ‘சூழலுக்கேற்ற தீர்வை வடிவமைப்பார்’ என்ற விளைவுக்கு நேரே பிள்ளைகள் எட்டிய அளவான அடைவு மூன்றுக்கு ஒன்று என்று வந்தது. கட்டடப் பொறியியல் துறைக்கு வடிவமைப்பில் ஒன்று என்றால், சமையல்காரருக்கு உப்பு போடத் தெரியாது என்று எழுதிக்கொடுப்பது போல.

குழு மறுபடி வர இன்னும் ஒரு பருவம்தான் இருந்தது. அறிக்கை அனுப்புவதற்கு முன் கூடிய கூட்டத்தில் மிளகாய் பஜ்ஜி தட்டில் ஆறிக்கொண்டிருந்தது, ஒருவரும் தொடவில்லை. நிர்வாகச் செயலர் வீரபத்ரப்பா அவர்கள் பெரிய மனிதர், நேரடியாக எதையும் சொல்லவில்லை. எண்ணை இன்னொரு முறை சரிபார்த்தால் நல்லது என்று மட்டும் சொன்னார். இதோ மேடையில்தான் இருக்கிறார், வேண்டுமானால் மறுக்கட்டும். உடைத்துப் பேசியவர் பீமாசங்கர்தான். இந்த இடத்தை மடலிலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டோம். எடுக்க வேண்டாம் என்று அவரே சொன்னார்.

“மேடம், ஒண்ணை ரெண்டுன்னு எழுதினா உங்க பேனா மை தீர்ந்துடாது. எனக்கு வீட்ல ரெண்டு பொண்ணு படிக்குது. டிபார்ட்மென்ட்டை மூடினா உங்களுக்கு இன்னும் கொஞ்ச வருஷம், ஓய்வூதியம் வந்துடும். நாங்க எங்கே போறது?”

அவர் கேட்டது நியாயம். அந்த அறையில் இருந்த எல்லோருடைய வயிறும் அதைத்தான் கேட்டது. நீங்கள் கண்ணாடியைக் கழற்றவில்லை.

“ரெண்டுன்னு எழுதிட்டா நமக்கு வேலை முடிஞ்சிடும் பீமாசங்கர். ஒண்ணுன்னு எழுதினாத்தான் வேலையே இருக்கு.”

“அவங்க மூடிட்டாங்கன்னா?”

“மூடலாம். அதுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனா அதுக்குள்ள நமக்கு ஒரு பருவம் இருக்கு. பசங்கள வகுப்பை விட்டு வெளியே கூட்டிட்டுப் போகலாம், வர்றீங்களா?”

பீமாசங்கர் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. உண்மையைச் சொல்வதானால், பல்லைக் கடித்துக்கொண்டுதான் வந்தார். ஆனால் வந்தார். அந்தப் பருவம் முழுவதும் பிள்ளைகளைச் சுற்றியிருந்த ஊர்களுக்கு அழைத்துப்போனோம். விரிசல் விட்ட வீடு, சாய்ந்த மதில், கதவு மூடாத அங்கன்வாடி என்று ஆளுக்கு ஒன்று கொடுத்தோம். மண்ணை எடுத்துச் சோதித்து அடித்தளத்தை வடிவமைக்க வேண்டும். தவறானால் எது தவறு என்று சொல்லாமல் திருப்பிக் கொடுப்பீர்கள். பிள்ளைகள் உங்களுக்கு வைத்த பெயர்களை இந்த மடலில் எழுத இயலாது. அறிக்கையில் அந்த ஒன்று, ஒன்றாகவே போயிற்று. அதன் கீழே, ஏன் ஒன்று, அதற்கு என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள்.

குழு வந்தது. தலைவர் அந்த எண்ணில் விரலை வைத்து, இதை எங்களிடம் காட்டத்தான் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றீர்கள். அவர் மேற்கொண்டு உங்களிடம் பேசவில்லை, பிள்ளைகளைக் கூப்பிட்டார். முதலில் வந்தவள் இறுதியாண்டு மாணவி ரேவம்மா கட்டிமனி. நான்கு ஆண்டு படித்ததில் உனக்கு என்ன செய்ய வருகிறது என்று கேட்டார். நாங்கள் கதவுக்கு வெளியே நின்றோம். பீமாசங்கர் கதவிடுக்கில் காதை வைத்தார்.

“எங்க ஊரு அங்கன்வாடிக்கு அஸ்திவாரம் போட்டுக் கொடுத்தேன் சார். மொதல்ல போட்டது தப்பு.”

“தப்புன்னு மேடம் சொன்னாங்களா?”

“அவங்க எங்கே சொல்றாங்க? திருப்பிக் கொடுத்துட்டுப் போயிட்டாங்க. நானே மறுபடி குழி தோண்டிப் பார்த்தேன். மேல் மண்ணு காய்ஞ்சு வெடிச்சிருக்கு, கீழே ஈரம் அப்படியே நிக்குது. நான் அந்த வெடிப்பு மண்ணு மேலயே நிறுத்தியிருந்தேன். அப்புறம் ஆழப்படுத்தினேன்.”

“இப்ப சரியா?”

“இப்ப சரி சார். வேணும்னா வாங்க, கணக்கைக் காட்டுறேன்.”

காட்டினாள். ஒரு மணி நேரம் காட்டினாள். அவர் கேள்வி கேட்கக் கேட்க அவள் குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. கடைசியில் அவர்தான் தண்ணீர் கேட்டார்.

முழுக் காலத்துக்கும் அங்கீகாரம் கிடைக்கவில்லை. பாதிக் காலம் தந்தார்கள், மூன்று ஆண்டு. வடிவமைப்பில் துறை பலவீனமாக உள்ளது என்று அவர்கள் குறிப்பிலும் இருந்தது. அந்தப் பலவீனத்தைத் துறையே கண்டறிந்து திருத்தி வருகிறது என்ற வரியும் இருந்தது. துறை மூடப்படவில்லை. பீமாசங்கர் கல்லூரி முழுவதற்கும் பேடா வாங்கிவந்தார். உங்கள் கையில் ஒன்றை வைத்தபோது, அந்தக் குறிப்பை முழுசா படிச்சீங்களா என்று கேட்டீர்கள். படித்துவிட்டேன் மேடம், பேடாவைச் சாப்பிடுங்கள் என்றார் அவர். ரேவம்மா இப்போது நீர்ப்பாசனத் துறையில் உதவிப் பொறியாளர். இன்று விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

பெருமதிப்புக்குரிய பேராசிரியரே, அந்த மூன்று ஆண்டும் முடிந்துவிட்டது. அடுத்த குழு வரும் மாதம் வருகிறது. நீங்கள் இல்லாமல் வரும் முதல் குழு. வடிவமைப்பின் அடைவு இப்போது இரண்டு. அது கரிசலில் கால் வைத்துச் சம்பாதித்த இரண்டு. பொறுப்பாளராக இருப்பவர் பீமாசங்கர். இம்முறை அவர் ‘குழுவாகச் செயல்படுவார்’ என்ற விளைவைத் தட்டிப் பார்த்தார். எப்போதும் மூன்று வாங்கும் விளைவு அது. திட்டப்பணிக் குழுக்களைப் பிரித்து ஒவ்வொரு பிள்ளையையும் தனியே கூப்பிட்டு, உன் பங்கு எது என்று கேட்டார். குழுவுக்கு ஒருவர் வேலை செய்திருந்தார், மற்றவர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மூன்றாக இருந்தது ஒன்றாக விழுந்தது.

முழுக் காலமும் கிடைக்க வேண்டும் என்ற ஆசை எங்களுக்கும் உண்டு. கிடைக்காமல் போகவும் கூடும். இளைய ஆசிரியர்கள் கலங்கித்தான் போனார்கள். இரண்டு நாள் பேசினோம், சண்டையும் போட்டோம். வரும் பருவத்தில் ஒவ்வொரு மாணவர் குழுவிலும் பங்கை எப்படிப் பிரிப்பது, எப்படிச் சோதிப்பது என்று முடிவுசெய்து, அதைக் கீழே எழுதி, சென்ற வாரம் அறிக்கையை அனுப்பிவிட்டோம். அந்த ஒன்று, ஒன்றாகவே போயிருக்கிறது.

அந்த வாரம் முழுவதும் நீங்கள் பக்கத்து அறையில்தான் இருந்தீர்கள். அந்த எண்ணை என்ன செய்வது என்று உங்களிடம் கேட்க ஒருவரும் கதவைத் தட்டவில்லை. மரியாதைக் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

கால்வலி நீங்கி, கண்பார்வை தெளிந்து, உங்கள் வீட்டார் சொல்லும் பேச்சை அவ்வப்போது கேட்டு, பேரப்பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தில் சிவப்பு மை வைக்காமல், நெடுங்காலம் நலமோடும் சினத்தோடும் வாழ்ந்திருக்க வேண்டுகிறோம். போய் வாருங்கள் மேடம். இங்கே வேலை இருக்கிறது.

நிறைந்த அன்புடன்,
கட்டடப் பொறியியல் துறையின் ஆசிரியர்கள், ஆய்வகப் பணியாளர்கள்