பக்கம் இரண்டில் ஒரு திருத்தம்

ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பெரும்பாலானவர்கள் கடைசிப் பக்கத்திலிருந்துதான் புரட்டுகிறார்கள். முன்பக்கத்தில் அரசாங்கமே கவிழ்ந்து கிடந்தாலும் சரி, முதலில் விளையாட்டு. அந்தக் கடைசிப் பக்கத்தின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு பத்தி எனக்கு. இருபத்தாறு வருடங்களாக எழுதுகிறேன். ஒரு வாரம்கூட விட்டதில்லை. என் மாமனார் சாகக் கிடந்த வாரத்தில்கூட ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். என் மனைவி அதை இன்னும் சொல்லிக் காட்டுவாள்.

ஆய்வாளர் அவர்களே, “வாயால சொல்றதை விட நீங்களே எழுதிக் குடுத்திடுங்க” என்று காகிதத்தை நீட்டினீர்கள். அதற்கு நன்றி. பேசினால் எனக்கு நாக்கு குழறும், எழுதினால் குழறாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அவசரமில்லை என்றும் சொன்னீர்கள், ஆகவே கொஞ்சம் முன்னாலிருந்தே தொடங்குகிறேன்.

என் அபிப்பிராயங்கள் ஊருக்கே தெரிந்தவை. கோல் போட்டவன் சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடுவது எனக்குப் பிடிக்காது. ஒருவருக்கொருவர் பேசும்போது கேமராவுக்குப் பயந்து வாயைப் பொத்திக்கொள்கிறார்களே, அதுவும் பிடிக்காது. அப்படி என்ன ராணுவ ரகசியம் பேசுகிறார்கள்? ரசிகர்களையும் நான் விட்டு வைத்ததில்லை. பாட்டில் எறிந்தவர்களைக் கண்டித்திருக்கிறேன். தோற்ற அன்று வீரர்களின் படத்தை நடுரோட்டில் கொளுத்தியவர்களை, ‘இவர்களுக்கு மைதானம் எதற்கு, மிருகக்காட்சி சாலை போதும்’ என்று எழுதியிருக்கிறேன். அதற்காக என் ஸ்கூட்டர் டயரைக் கிழித்தார்கள். ஆக, நான் யார் பக்கம் என்ற கேள்வியே எழக் கூடாது. நான் ஒழுங்கின் பக்கம்.

இறுதிப் போட்டியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆட்டம் முடிய இரண்டே நிமிடம் இருக்கும்போது, நம் கோல்கீப்பர் கைக்கு நேராக வந்த பந்து அவர் விரல்களுக்கு நடுவே நழுவி உள்ளே போனது. குழந்தைகூடப் பிடித்திருக்கும். அதையும் நான் மன்னித்திருப்பேன், எல்லோருக்கும் கை நழுவும். ஆனால் விசில் ஊதியதும் அந்த மனிதர் பார்வையாளர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார். நாற்பதாயிரம் பேர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், இவர் சிரிக்கிறார். அந்தப் படம் மறுநாள் எல்லாப் பேப்பரிலும் வந்தது.

தோற்றவன் சிரிக்கக் கூடாது. இது என் கொள்கை.

அவருக்கும் எனக்கும் முன்விரோதம் உண்டா என்று கேட்டீர்கள். இல்லை. இரண்டு வருடம் முன்னால் சின்னதாக ஒன்று நடந்தது, அவ்வளவுதான். கிளப்பின் ஆண்டு விழாவில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஓர் அரையிறுதியில் அவர் இடது பக்கம் பாய்ந்து ஒற்றைக் கையால் தடுத்ததைப் பற்றி விரிவாகப் பேசினேன். அந்த வாரப் பத்தியிலும் அதையே எழுதியிருந்தேன். பேசி முடித்து உட்கார்ந்ததும் அவர் மைக்கை வாங்கி, ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்: “சார் மன்னிச்சுக்கணும். அந்த மேட்ச்ல நான் ஆடவே இல்ல. விரல்ல கட்டுப் போட்டு வெளிய உட்கார்ந்திருந்தேன். அதைப் பிடிச்சது எங்க சீனியர். சாருக்கு ரெண்டு பேர் முகமும் ஒண்ணாத் தெரியுது போல.” மண்டபம் முழுக்கச் சிரித்தது, அவரும் சிரித்தார். அடுத்த ஞாயிறு, பக்கம் இரண்டின் அடியில், எங்கள் பேப்பர் வழக்கப்படி ‘திருத்தம்’ என்று நான்கு வரி வந்தது. என் இருபத்தாறு வருடத்தில் வந்த ஒரே திருத்தம் அது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கேட்டதால் சொல்கிறேன்.

இறுதிப் போட்டிக்குப் பிறகு எனக்குக் கடிதங்கள் குவிந்தன. அதில் ஒன்று ‘ஒன்பதாம் கேட்’டிடமிருந்து. அவர் உண்மைப் பெயர் இப்போது உங்கள் கோப்பில் இருக்கிறது. எனக்குப் பதினொரு வருடமாக அவர் ஒன்பதாம் கேட்தான். மைதானத்தில் ஒன்பதாம் நுழைவாயில் பக்கம் உட்காருவார், அப்படித்தான் கையெழுத்தும் போடுவார். லேத் பட்டறையில் வேலை. வாரம் தவறாமல் எழுதும் வாசகர் இந்தக் காலத்தில் யாருக்குக் கிடைப்பார்? ஒரு முறை, தப்பாகப் பெனால்டி கொடுத்த நடுவரின் கார் கண்ணாடியை இரும்புக் கம்பியால் உடைத்ததாக அவரே எனக்கு எழுதியிருந்தார். நான் கண்டித்துப் பத்தி எழுதினேன். ‘நீங்கள் திட்டினால் சரியாகத்தான் இருக்கும் சார்’ என்று பதில் போட்டார். அவ்வளவு பணிவு.

இந்த முறை அவர் எழுதியிருந்தது நான்கே வரிகள். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை, அந்தச் சிரிப்பு கண்ணிலேயே நிற்கிறது. கடைசி வரி: ‘அவன் தனியா வெளிய வர்ற இடமும் நேரமும் தெரிஞ்சாப் போதும் சார், மத்ததை நான் பாத்துக்கறேன்.’

நான் ஓர் அஞ்சலட்டையில் பதில் போட்டேன். ‘பதில், ஞாயிறு பத்தியில்.’ அந்த அட்டை உங்கள் மேஜையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பதை நேற்றே பார்த்துவிட்டேன். நீங்கள் அதன் மேல் ஃபைலை நகர்த்தி வைத்தீர்கள். தேவையில்லை, என் கையெழுத்தை நான் மறுக்கப் போவதில்லை.

என் குடியிருப்பு இரண்டாவது மாடியில். பால்கனியில் நின்றால் கீழே கால்வாய் ஓரப் பாதை. எதிரே மூடிக் கிடக்கும் ஐஸ் தொழிற்சாலை, அதன் நீலக் கதவு. கோல்கீப்பரின் குடும்ப வீடு அதற்குப் பின்னால் இருக்கும் சந்தில். பெரும்பாலான நாட்களில் காலை ஆறே காலுக்கு, முதுகில் ஒன்று என்று எண் போட்ட கிளப்பின் சிவப்புக் கோட்டில், தலையை மூடிக்கொண்டு ஒருவர் போவதைப் பல மாதங்களாகப் பார்க்கிறேன். நல்ல உயரம், அகலமான தோள். காதில் பாட்டு மாட்டியிருப்பார். கையில் ஒரு சாப்பாட்டுப் பை இருக்கும். நடைப்பயிற்சிக்குப் போகிறவருக்குச் சாப்பாட்டுப் பை எதற்கு என்று ஒரு நாள் தோன்றத்தான் செய்தது. எழுதும்போது அதை விட்டுவிட்டேன், வரியில் சரியாக உட்காரவில்லை.

பத்தியின் கடைசிப் பகுதி இது: ‘நாமெல்லாம் தூக்கம் தொலைத்திருக்கிறோம். அவரோ காலை ஆறே காலுக்கு, கால்வாய்ப் பாதையில், ஐஸ் தொழிற்சாலையின் நீலக் கதவைத் தாண்டி, சிவப்புக் கோட்டில், காதில் பாட்டுடன், துணைக்கு யாருமின்றி நிம்மதியாக நடக்கிறார்.’ நுணுக்கம் இல்லாத எழுத்து சவம் என்பது என் எண்ணம். நிறம், நேரம், இடம் சொன்னால்தான் வாசகன் கண்ணால் பார்ப்பான்.

சனிக்கிழமை மதியம் அச்சுப்படி வந்தது. உதவி ஆசிரியர் அம்மாள் அந்த வாக்கியத்தைச் சிவப்பு மையால் அடித்திருந்தார். கெட்டிக்காரப் பெண். என் மேஜைக்கே வந்து நின்றார்.

“சார், இந்த வரி வேணாமே. ஜனங்க கொதிச்சுப் போய்க் கிடக்காங்க. எவனாவது போய் நின்னுட்டா?”

“நின்னா என்னம்மா? நம்ம வாசகருங்க நாலு எழுத்து படிச்சவங்க.”

“படிச்சவங்கதான் சார் படத்தைக் கொளுத்துனாங்க. நேரத்தையும் இடத்தையுமாவது எடுத்துடுவோம். நிம்மதியா நடக்கிறார்னு மட்டும் இருக்கட்டும்.”

“சரிம்மா, பார்க்கிறேன்” என்றேன். அவருக்கு அன்று மகளைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டியிருந்தது. என்னை நம்பிப் போய்விட்டார். இதில் அவர் பெயரை இழுக்காதீர்கள்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. அடித்த வரியின் கீழே வரிசையாகப் புள்ளி வைத்தால், ‘அடித்தது செல்லாது, இருந்தபடியே விடு’ என்று அர்த்தம். பக்கம் கட்டுகிறவர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள். நான் பேனாவை எடுத்து முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை நிதானமாகப் புள்ளி வைத்தேன். யோசிக்காமல் செய்தேன் என்று சொன்னால் அது பொய். ஒவ்வொரு புள்ளிக்கும் யோசித்தேன். கார் கண்ணாடியை உடைத்த அந்தக் கம்பியையும் யோசித்தேன், பந்தை நழுவவிட்ட அந்தக் கைகளையும் யோசித்தேன். ஆனால் ஒரு வாசகருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். எழுதுகிறவனுக்கு அதைவிட என்ன இருக்கிறது?

ஞாயிறு காலை பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நடக்கிறவர் வரவில்லை. திங்கள் அவர் வந்தார், வேறு யாரும் வரவில்லை. மனதுக்குக் கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது, மறைப்பானேன். பத்தியை யாருமே படிக்கவில்லையோ என்றுகூட நினைத்தேன்.

செவ்வாய் காலை ஆறு மணிக்கே நீலக் கதவருகே ஒருவர் நின்றார். குள்ளமாக, எண்ணெய்க் கறை படிந்த நீலச் சட்டையில். அக்குளில் பேப்பரை மடித்து வைத்திருந்தார், கடைசிப் பக்கம் வெளியே தெரியும்படி. பதினொரு வருடத்தில் ஒன்பதாம் கேட்டை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். என்னைவிட வயதானவராக இருந்தார்.

சிவப்புக் கோட்டு ஆறே காலுக்கு வந்தது. என் நேரக் கணக்கு பிசகவில்லை.

இரும்புக் கம்பியின் முதல் அடி தோளில் விழுந்தது. தலையை மூடியிருந்த துணி நழுவியது. அப்போதுதான் பின்னந்தலை தெரிந்தது. பாதி நரைத்த தலை. கோல்கீப்பருக்கு இருபத்தெட்டு வயது. சாப்பாட்டுப் பை தெறித்துப் போய்க் கால்வாய் ஓரத்தில் கிடந்தது. அவர் கையை மேலே தூக்கிக்கொண்டு கத்தினார். முப்பது அடி தூரம், தெளிவாகக் கேட்டது.

“நான் அவன் இல்லப்பா! அவன் அண்ணன்! டிப்போவுக்கு வேலைக்குப் போறேன்ப்பா!”

ஒன்பதாம் கேட் நின்றார். கம்பியை ஓங்கியபடியே நின்றார். மடித்த பேப்பரைப் பார்த்தார், அந்த மனிதரைப் பார்த்தார், பிறகு மறுபடியும் பேப்பரைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். ஒரு வாக்கியம் சொல்லி முடிக்கும் நேரம் இருந்தது. பால்கனியிலிருந்து ‘ஐயா, ஆள் மாறிப்போச்சு’ என்று நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் கேட்டிருப்பார். என் பேச்சைப் பதினொரு வருடமாகக் கேட்டவர்.

நான் கொடுக்கவில்லை. வாய் வரைக்கும் வந்தது. அப்போது எனக்கு அந்த மண்டபம் ஞாபகம் வந்தது. ‘சாருக்கு ரெண்டு பேர் முகமும் ஒண்ணாத் தெரியுது போல.’ மறுபடியும் அதேதானா? அதுவும் அதே ஆள் விஷயத்தில்? ஊர் முழுக்கச் சிரிக்குமே. நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்பதாம் கேட் என் பத்தியையே நம்பினார்.

சமையலறையிலிருந்து மனைவி, “என்னங்க கீழ சத்தம்?” என்றாள்.

“நாய்ங்க” என்றேன்.

அந்த அண்ணன் பஸ் டிப்போவில் மெக்கானிக் என்பதும், அப்பா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர் என்பதும், தம்பியின் பழைய கோட்டைப் பெருமைக்காகப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார் என்பதும் நீங்கள் சொல்லித்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வராததற்குக் காரணமும் அதுதான். அன்று அவருக்கு வார லீவு. நேற்று இன்னொரு படமும் காட்டினீர்கள். இறுதிப் போட்டி முடிந்த அந்த நொடியில் பார்வையாளர் வரிசையில் எடுத்தது. எல்லோரும் தலையில் கை வைத்திருக்கிறார்கள். அண்ணன் மட்டும் எழுந்து நின்று, பரவாயில்லை, வா வீட்டுக்குப் போகலாம் என்று இரண்டு கையாலும் சைகை காட்டுகிறார். அதைப் பார்த்துத்தான் தம்பி சிரித்திருக்கிறார். இது முன்பே தெரிந்திருந்தால் பத்தியின் போக்கை மாற்றியிருப்பேன்.

அண்ணனின் உடல் இன்று காலை வீட்டுக்குப் போனது என்று வாசலில் நிற்கும் காவலர் சொன்னார். தம்பிதான் முன்னால் நின்று தூக்கினாராம். சிரிக்கவில்லையாம்.

நான் எழுதினேன், அடித்ததற்குக் கீழே புள்ளி வைத்தேன், பார்த்தேன், சும்மா இருந்தேன். எல்லாம் தெரிந்துதான் செய்தேன். கையெழுத்துப் போடத் தயார். ஒரே ஒரு வேண்டுகோள். கீழே எழுதியிருப்பதைத் தனியாகக் கிழித்து எங்கள் ஆசிரியருக்கு அனுப்பிவிடுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர்ந்தால் ஞாயிறு வந்துவிடும். பக்கம் இரண்டு, அடிப்பகுதி. பிழை செய்தவன் திருத்த வேண்டும், நான் அப்படித்தான் வளர்ந்தவன்.

‘திருத்தம்: சென்ற ஞாயிறு விளையாட்டுப் பத்தியில், கால்வாய்ப் பாதையில் காலை ஆறே காலுக்கு நடப்பவர் கோல்கீப்பர் என்று வெளியாகியிருந்தது. அவர் கோல்கீப்பரின் அண்ணன். தவறுக்கு வருந்துகிறோம். மற்ற விவரங்கள் அனைத்தும் சரியானவை.’